கடைக்காரர் முதலில் ஏறட்டும்

இதை எழுதாமல் விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதற்கப்புறம் நான் தமிழில் எழுதிய மிகப் பெரிய விஷயம் என் காரின் பின்கண்ணாடியில் இருக்கும் 'அம்மா'. அதையும் ஸ்டிக்கர் கடைக்காரர்தான் எழுதினார். ஆனால் இன்றைக்கு மைசூர் ரயில் நிலையத்துக்கு வெளியே வண்டியைப் போட்டுக் காத்திருக்கிறேன். நான் ஏற்றிப்போக வேண்டிய ஆட்கள் வரும் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். போனை நோண்டிக்கொண்டிருந்தபோது பிரகாஷிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பிரகாஷும் என்னைப் போல மஞ்சள் போர்டு வாடகைக் கார் ஓட்டுகிறவன்.

"குரு, முன்னாடி ரெண்டுக்கும் பழைய டயர் போடணும். வெல கம்மியா இருக்கணும், வெடிக்கவும் கூடாது. எப்படிப் பாத்து வாங்கறது? சுருக்கமா சொல்லு."

சுருக்கமாகச் சொல்ல முடியாது. பழைய டயர் என்றாலே எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரை எப்படிச் சுருக்குவது? ஏற்கெனவே நாலே முக்கால் அடி.

பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கிழவர் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் அக்கா. கௌதள்ளி கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் சந்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆம்னி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சீட்டில் ஒரு தலையணை, அதன்மேல் மடித்த போர்வை, அதன்மேல் அக்கா. அவ்வளவு வைத்தும் அவர் சாலையைப் பார்ப்பது ஸ்டீயரிங்குக்கு மேலாக அல்ல, ஸ்டீயரிங்கின் ஓட்டை வழியாக. எதிரே வருகிறவர்களுக்கு வேன் தானாக வருவது போலத் தெரியும். சந்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு மாமா, ஆளில்லாமல் வேன் வருகிறது என்று கத்திக்கொண்டு சாக்கடையைத் தாண்டிக் குதித்திருக்கிறார்.

பிள்ளைகள் உள்ளே இருந்தால் அக்கா ஓட்டுவது, தளும்பத் தளும்பப் பால் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். சைக்கிள்காரர்கள் தாண்டிப் போவார்கள். ஒருமுறை ஒரு எருமை தாண்டிப் போனதை நானே பார்த்தேன். "அக்கா, எரும ஹாரன் அடிச்சுதே, கேக்கலியா?" என்று கேட்டேன். "அதும் உன்ன மாதிரிதான், வேல வெட்டி இல்லாம அவசரமாப் போகுது" என்றார்.

அக்காவின் குணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். விற்கிறவர் முதலில் அதை அனுபவிக்க வேண்டும்; அதற்கப்புறம்தான் அக்கா வாங்குவார்.

தேவராஜ மார்க்கெட்டில் பலகாரக் கடைக்குப் போனால், கால் கிலோ மைசூர் பாகு எடுக்கச் சொல்லி, அதில் ஒரு துண்டை எடுத்துக் கடைக்காரர் வாயருகே நீட்டுவார். "நீங்க மொதல்ல சாப்பிடுங்க." அவர் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினால் வியாபாரம் முடிந்தது. பாவம், அந்தக் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி. அக்காவைப் பார்த்ததும் மனைவியைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிடுவார். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைத் தன் தலையில் வைத்துக் காட்ட வேண்டும். வாடுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பார். வேனில் வரும் பிள்ளை ஒன்றுக்குச் சளி என்று மருந்துக் கடைக்குப் போனபோது, "இந்த டானிக்க நீ ஒரு மூடி குடி தம்பி" என்று சொல்லி, கவுண்டரில் இருந்தவரைக் குடிக்க வைத்துவிட்டார். அவர் அன்று மத்தியானம் முழுக்கக் கவுண்டரிலேயே தூங்கினார். ஆயுள் காப்பீடு விற்க வந்த ஏஜெண்டிடம் அக்கா கேட்டதைச் சொல்லவே வேண்டாம். அதையும் நீங்களே முதலில் அனுபவியுங்கள் என்றுவிட்டார். அவர் எங்கள் சந்துப் பக்கமே அப்புறம் தலைகாட்டவில்லை.

இப்படிப்பட்ட ஆளைத்தான் எங்கள் சந்தில் கார், ஆட்டோ, டெம்போ வைத்திருந்த எல்லோரும் பழைய டயர் வாங்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். புது டயர் வாங்கும் வசதி எங்களில் யாருக்கு இருந்தது? பழைய டயரை நம்பி வாங்கும் தைரியமும் இல்லை. அந்தத் தைரியத்தை அக்காதான் கொடுத்தார். கூலியாக ஒரு மசால் தோசை. அதையும் நாங்கள் ஒரு விள்ளல் சாப்பிட்ட பிறகுதான் தொடுவார்.

டயர் பார்ப்பதில் அவருக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் கடையிலேயே நடக்கும். கடைக்காரர் அடுக்கின் மேலே இருக்கும் பளபளவென்ற டயரை எடுத்துக் கொடுத்தால் அதைத் தொடவே மாட்டார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பவுடரு? மூஞ்சியக் கழுவிட்டு வரச்சொல்லு" என்பார். ஈரத்துணியால் கறுப்புப் பாலீஷைத் துடைத்தால் உள்ளே நகக்கீறல் மாதிரி வெடிப்புகள் தெரியும். அடுத்து வயது. டயரின் பக்கவாட்டில் நாலு நம்பர் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். அதைத் தேடிப் படிப்பார். நம்பர் சுரண்டியிருந்தால், "வயச மறைக்கறவங்கிட்ட நான் பேசமாட்டேன்" என்று எழுந்துவிடுவார். ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு உயரமாக நின்றாலும் வேண்டாம். பட்டன் என்றால் டயரின் மேல்பக்கம் ரோட்டைத் தொடுமே, அந்தக் கட்டைகள். தேய்ந்த டயரில் கத்தியைச் சூடாக்கிப் புதுசாகப் பள்ளம் வெட்டி ஏமாற்றுவார்கள். அக்கா விரலை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்று தடவுவார். உள்ளே ஒட்டுப் போட்டிருந்தால், பக்கவாட்டில் வீக்கம் இருந்தால், ஓரக் கம்பி வெளியே எட்டிப் பார்த்தால், அந்தக் கடையில் அன்றைக்கு அதற்குமேல் வேலை இல்லை.

இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஊரே பேசுவது இரண்டாம் கட்டத்தைத்தான். டயரை வண்டியில் மாட்டியதும் அக்கா டிரைவர் சீட்டில் தலையணையைப் போடுவார். கடைக்காரரைப் பக்கத்து சீட்டில் ஏறச் சொல்வார்.

"நீங்க விக்கற டயருதானே? வாங்க, சாமுண்டி மலைக்குப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

கடைக்காரர் ஏறினால் டயர் நல்லது. தயங்கினால் கெட்டது. "அவனுக்குத் தெரியாத வியாதி டயர்ல இருக்குமா? டயர எதுக்குப் பாக்கறே, அவன் மூஞ்சியப் பாரு" என்பார் அக்கா. வண்டி யாருடையதோ அவர் கூட வரக்கூடாது. "வண்டிக்காரன் வந்தா ஒவ்வொரு குழிக்கும் அய்யோ அய்யோங்கறான். எனக்கு அது ஆகாது." அதனால் அந்தச் சுற்றில் போனவர்கள் இரண்டே பேர், அக்காவும் கடைக்காரரும். எங்கள் சந்தில் ஒருவரும் போனதில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள்தான் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

ஆரம்பத்தில் கடைக்காரர்கள் சந்தோஷமாக ஏறினார்கள். போகப் போகக் குறைந்தது. கடைசி ஒரு வருடத்தில் ஒருவரும் ஏறுவதில்லை. "காலம் கெட்டுப்போச்சு தம்பி. இந்த ஊர்ல இருக்கற டயரு பூரா கெட்டுப்போச்சு" என்பார் அக்கா. நாங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவோம்.

நான் ஒரு தடவை அவர் இல்லாமல் வாங்கினேன். தோசைக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்ற புத்திசாலித்தனம்தான். பளபளவென்று ஒரு டயர், பாதிக்குப் பாதி விலை. நஞ்சன்கூடு கோயிலுக்கு மூன்று மாமிகளை ஏற்றிக்கொண்டு போனபோது நடுவழியில் டமால். வண்டி புளியமரத்தைத் தொடாமல் நின்றது. மாமிகள் கோயில் வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே ரோட்டோரத்தில் முழு சுலோகத்தையும் சொல்லி முடித்தார்கள். நடுநடுவே என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். விஷயம் அம்மா காதுக்குப் போனது. அன்றிலிருந்து வண்டிச் சாவி அம்மாவின் இடுப்பில். "டயரு மாத்தறதா இருந்தா அக்கா வாயால சரின்னு சொல்லணும். அப்பறந்தான் சாவி."

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் கழித்து என் வண்டிக்கு எஃப்.சி. வந்தது. வாடகைக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதிகாரி வண்டியைப் பார்த்து, ஓடத் தகுதி உண்டு என்று சீட்டு கொடுத்தால்தான் ரோட்டில் இறங்கலாம். முதல் தடவை போனபோது முன்சக்கரம் இரண்டையும் பார்த்துவிட்டு, "மொட்ட. மாத்திட்டு வா" என்றார். அடுத்த தேதி வியாழக்கிழமை கொடுத்தார். தசரா தொடங்க ஒரே வாரம் இருந்தது. மைசூரில் கார் ஓட்டுகிறவனுக்கு வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் உண்மையான வருடம். வியாழக்கிழமை தவறினால் அடுத்த தேதி தசரா முடிந்துதான். நான் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, அதற்கு மாலை போட்டு, யானை ஊர்வலத்தை டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

திங்கள்கிழமையே அக்காவுடன் கிளம்பினேன். முதல் கடையில் டயர் நன்றாக இருந்தது. கடைக்காரர் ஏறமாட்டேன் என்றார். இரண்டாவது கடையில் அதைவிட நன்றாக இருந்தது. அக்கா தலையணையை எடுத்ததும் அந்தக் கடைக்காரருக்கு வயிற்று வலி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சித்தராஜு கடைக்குப் போனோம்.

சித்தராஜு கன்னடக்காரர், ஐம்பது வயதிருக்கும், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவரிடம் இருந்த டயர்களைப் பார்த்து அக்காவே ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டார். யாரோ ஒருவர் புதுக் கார் வாங்கி, அகலமான சக்கரம் போட்டால்தான் அழகு என்று, கம்பெனி டயரைக் கழற்றி விற்றுவிட்டாராம். வயது ஒன்றரை வருடம். நாலும் ஒரே வாரத்தில் பிறந்தவை. பட்டனில் முளைத்திருக்கும் சின்ன ரப்பர் முடிகூட அங்கங்கே இருந்தது. என் வண்டிக்கு அதே அளவு. புதுசின் பாதி விலைக்கும் கீழே.

"சரி, மாட்டுங்க" என்றார் அக்கா. மாட்டினார்கள். அக்கா தலையணையைப் போட்டார். "ஏறுங்க."

சித்தராஜு இரண்டு அடி பின்னால் போனார். "பேடா ம்மா, வேண்டாம். எனக்குக் கடேல வேல இருக்கு."

"அரை மணி நேரந்தான்."

"பேடவே பேடா. வேணும்னா நூறு ரூபா கொறச்சுக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தியா? வெலையக் கொறைக்கறான், ஏறமாட்டேங்கறான். கழட்டச் சொல்லு."

கழற்றினார்கள். என் மொட்டை டயர்களைத் திரும்ப மாட்டினார்கள். நான் அழவில்லை என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் பஸ் பிடித்துத் தனியாகச் சித்தராஜு கடைக்குப் போனேன். "அண்ணா, என் பொழப்பே இதுல இருக்கு. உண்மையச் சொல்லுங்க. அந்த டயர்ல என்ன கோளாறு?"

"டயருக்கு ஏனூ இல்ல தம்பி, ஒண்ணுமே இல்ல. சின்னா அது, தங்கம்!"

"அப்ப ஏன் ஏறமாட்டேன்னீங்க?"

சித்தராஜு கடை வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த அம்மா ஓட்டறத நீ பாத்திருக்கியா?"

"தினமும் பாக்கறேன். எரும தாண்டிப் போகும்."

"அய்யோ சிவா! அது பிள்ளைங்க இருக்கறப்ப. டெஸ்டுக்கு ஓட்டறத பாத்திருக்கியா? வளைவுல ஸ்டீயரிங்க வெடுக்குன்னு ஒடிக்கறது, நூல் புடிச்ச மாதிரி போயிட்டு திடீர்னு பிரேக்கு. 'டயரு புடிக்குதா பாருங்க, டயரு புடிக்குதா பாருங்க'ன்னு சொல்லிட்டே! நான் ரெண்டு வருசம் முந்தி ஒருதரம் போனேன். எறங்கி நேரா கோயிலுக்குப் போயி மொட்ட போட்டேன். நம்ம லைன்ல எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மா தலகாணி எடுத்தா ஷட்டர எறக்கிடுவோம். எனக்கு எரடு மக்களு, ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க தம்பி."

நான் அங்கே அடுக்கியிருந்த டயர்கள்மேல் விழுந்து சிரித்தேன். சிரிப்பு நிற்க ஐந்து நிமிடம் ஆனது. நின்றதும்தான் விஷயம் உறைத்தது. ஊர் முழுக்க டயர் கெட்டுப்போகவில்லை. அக்கா ஒரு வருடமாக நல்ல டயர்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் என் தசரா பிழைக்கும்.

சாயங்காலம் அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஊரில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் அவர்கள் முகத்துக்கு நேரே கேலி பேசுகிறவன் நான். அக்காவின் உயரம், தலையணை, தோசை எதையும் விட்டதில்லை. இதுவோ இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே உயர்ந்த ரக கேலி. வாயைத் திறந்தேன்.

"என்னடா, மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடறே?"

"இல்லக்கா... டயரு..."

"கவலப்படாத கண்ணு. நாளைக்கு விடியறதுக்குள்ள எங்கியாச்சும் ஒரு யோக்கியன் கெடைப்பான்." துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "ஆறு வருசமாச்சு. நான் சரின்னு சொன்ன டயரு ஒண்ணாச்சும் வெடிச்சிருக்கா? எனக்குப் படிப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. இது ஒண்ணு இருக்கு."

"வெடிக்கலக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வாயிலிருந்து வராமல் போன ஒரே கேலி அதுதான்.

வேறு வழியில்லாமல் சித்தராஜுவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். என் அம்மாவும் கெஞ்சினார். அம்மா கெஞ்சினால் கல்லும் ஏறும். "சரி. ஒரே ஒரு சுத்து. காலேல ஆறு மணிக்கு, ரோடு காலியா இருக்கறப்ப" என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது. டயர் மாட்டியாயிற்று. அக்கா தலையணையைப் போட்டு ஏறிவிட்டார். சித்தராஜு உள்ளே போனவர் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். அப்படியே காரில் ஏறி சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

அக்கா அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "காருக்குள்ள எதுக்குய்யா ஹெல்மெட்டு?"

சித்தராஜு பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"இவ்ளோ பயமா உன் டயரு மேல உனக்கு? டேய் தம்பி, கழட்டச் சொல்றா!"

"டயருக்கு இல்ல ம்மா!" சித்தராஜு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கத்தினார். "உங்களுக்கு! நீங்க ஓட்டறதுக்கு! மார்க்கெட் பூரா பயம் உங்களப் பாத்து. டயரு கெட்டதுன்னு யாரும் ஓடல ம்மா, நீங்க வர்றீங்கன்னு ஓடறாங்க!"

அக்கா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டார். "நெசமாடா?"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் உங்க சுத்துல வந்ததே இல்லையே."

"அப்ப ஏறு பின்னாடி."

ஏறினேன். பிரகாஷ், நான் ராட்டினத்தில் தலைகீழாகப் போயிருக்கிறேன். உன் பைக்கில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்திருக்கிறேன். அன்றைக்குச் சாமுண்டி மலையில் முதல் வளைவிலேயே என் செருப்பு ஒன்று முன்சீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது வளைவில் நான் எப்போதோ திருடிய மாங்காய்க்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். நேர் ரோட்டில் பிரேக் அடித்தபோது சித்தராஜுவின் ஹெல்மெட் டக்கென்று டேஷ்போர்டில் மோதியது; அது வீண் போகவில்லை என்று அவருக்கே ஒரு திருப்தி. அக்கா மட்டும் அமைதியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "புடிக்குதா? டயரு புடிக்குதா?" நன்றாகத்தான் பிடித்தது. இல்லையென்றால் இதை யார் எழுதுவது?

ஊரைப் பார்க்க வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். "டேய். வெளையாடாம சொல்லு. பயமா இருந்துச்சா?"

இந்த இடத்தில் பத்து பதில் நாக்கில் வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

அக்கா இறங்கிப் போய்த் தடுப்புச் சுவர் ஓரமாக நின்றார். கீழே அரண்மனையும் ஊரும் பனியில் தெரிந்தன. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை, விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "மெக்கானிக் பையன் வண்டிக்கு நாலு கட வேண்டாம்னேன். தண்ணி டெம்போவுக்கு மூணு. காய்கறிக்காரருக்கு ரெண்டு, அவரு கடசீல கடன் வாங்கிப் புதுசே போட்டாரு... எல்லாம் நல்ல டயரா? நான்தான் அவங்க காசக் கெடுத்தேனா?"

சித்தராஜு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அக்கா பக்கத்தில் போனார். தலை முழுக்க வேர்வை.

"எல்லாம் இல்ல ம்மா. பாதி நெசமாவே கெட்டது" என்றார். "நாங்களும் ஒண்ணும் மகாத்மா இல்ல. மொத நாலு வருசம் நீங்க வர்றீங்கன்னா உள்ள ஒட்டுப் போட்டதெல்லாம் எடுத்து ஒளிச்சு வெப்போம். அப்படி ஒளிச்சத அப்பறம் வேற ஆளுக்கு விக்கப் பயமாப் போச்சு, எடைக்குத்தான் போட்டேன். சத்தியமா."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாவியை நீட்டினார். "சரி. எறங்கறப்ப நீ ஓட்டு. நான் பக்கத்துல ஒக்காரேன்."

அக்கா கடைசியாக எப்போது அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. சித்தராஜு முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் இறக்கினார். ஆனால் முதல் வளைவிலேயே அக்கா "அய்யோ, பாத்து!" என்று கத்தினார். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். எதிரே நடந்து வந்த ஒரு நாயைப் பார்த்து, "அவரு உன்னப் பாக்கலடா, தள்ளிப் போ!" என்று நாய்க்கே சொன்னார். மூன்றாவது வளைவில் இரண்டு கைகளாலும் சித்தராஜுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது வளைவில் பின்சீட்டில் கிடந்த ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அது தோள் வரைக்கும் வந்தது.

கடை வாசலில் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி, மூச்சு வாங்கிவிட்டு, என் பக்கம் திரும்பித் தீர்ப்பைச் சொன்னார். "டயரு நல்ல டயரு. இவன் ஓட்டறதுதான் சுத்தமாச் சரியில்ல."

சித்தராஜு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். நான் அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டு அக்காவின் வாயருகே நீட்டிவிட்டேன். "சரி" என்றார் அக்கா. பத்து மணிக்கு அதிகாரி முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், நகத்தால் பட்டனை அழுத்திப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அந்தத் தசராவுக்கு நான் ஒருநாள்கூட வீட்டில் சாப்பிடவில்லை. அந்த டயர்கள் அதற்கப்புறம் இரண்டரை வருடம் ஓடின.

அக்கா அந்த வாரமே சட்டத்தைத் திருத்திவிட்டார். கடைக்காரர் ஓட்ட வேண்டும், அக்கா பக்கத்தில் உட்காருவார். கடைக்காரர்கள் மறுபடி ஷட்டரைத் திறந்தார்கள். காதுக்குப் பஞ்சு வாங்கினார்கள் என்று கேள்வி. காய்கறிக்காரர் வீட்டுக்கு மட்டும் ஒருநாள் தானே போய், நடந்ததைச் சொல்லி, "என்மேல தப்புங்க" என்றாராம். அவர் புது டயர் போட்ட சந்தோஷத்தில் இருந்தவர், "விடுங்கக்கா, நீங்க சொல்லலைன்னா என் ஜென்மத்துல நான் புது டயரப் பாத்திருப்பனா?" என்று காபி கொடுத்திருக்கிறார். அந்தக் காபியை அவரை முதலில் குடிக்கச் சொல்லாமல் அக்கா அப்படியே குடித்தார் என்பதுதான் எங்கள் சந்தில் அன்றைய செய்தி.

பிறகு வேனை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். கௌதள்ளியில் தக்காளி ஏற்றும் சின்ன டெம்போ ஓட்டுகிறார் என்று போன வருடம் யாரோ சொன்னார்கள். தக்காளி ஒன்றுகூட நசுங்காது. அதற்கு நான் ஜாமீன்.

ஆக பிரகாஷ், வயசைப் படி, பாலீஷைத் துடை, உள்ளே கையை விடு, வீக்கம் பார், இரண்டும் ஒரே ஜோடியா பார், கடைசியில் கடைக்காரரை ஓட்டச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார். ரயில் வருகிறது என்று மைக்கில் சொல்கிறார்கள். இவ்வளவு எழுதியதைப் பிரகாஷுக்கு அனுப்பிவிட்டேன். அக்காவின் நம்பரும் என்னிடம் இருக்கிறது, அவருக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

உடனே அவனிடமிருந்து பதில் வந்தது.

"அனுப்பு குரு, ஆனா அவங்க வண்டி ஓட்டற நேரத்துல அனுப்பாத."